உள்ளூர்க் குறிப்பு: மூன்று

செல்வியின் பெயருக்கு எதிரே மூன்று என்று எழுதியவன் நான்தான்.

கணினி தானாக எழுதவில்லை. மேலதிகாரி எவரும் எழுதச் சொல்லவில்லை. ஒரு காலை நேரத்தில், முழு நினைவோடு, என் விரலால் எழுதினேன். ஒரு விசையை அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

அந்த மூன்றுக்கு என்ன பொருள் என்பது எனக்கு மட்டுமே தெரியும். இனி உங்களுக்கும் தெரியும். உங்களை நான் பார்த்ததில்லை, நீங்களும் என்னைப் பார்த்ததில்லை... அதனால்தான் சொல்ல முடிகிறது. செல்வியிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். இதுவே ஒரு கோழைத்தனம்! தெரிந்துதான் தொடங்குகிறேன்.

என் பெயர் குமரேசன். லால்குடியிலிருந்து டவுன் பஸ் போய்த் திரும்புகிற கடைசி ஊர் எங்களுடையது. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அம்மா நடவு, களையெடுப்பு, எதற்குக் கூப்பிட்டாலும் போவாள். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்தில் என்னோடு வரிசையில் நின்றார். அந்தச் சான்றிதழின் நகலை இன்றும் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.

செல்வி எங்கள் தெருப் பெண். அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே வரிசையில் குனிந்து நாற்று நட்டவர்கள். நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்துவிட்டு, லால்குடியில் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை நான் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அழைத்து வந்தவனும் நான்தான். குமரேசன்தான் எம்பொண்ணுக்கு ஒரு வழி பண்ணிவிட்டான் என்று அவள் அம்மா இன்றும் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

அதைக் கேட்கும்போது என் முகம் எப்படிப் போகும் என்று எனக்கே தெரியாது.

எங்கள் நிறுவனம் நம் நாட்டது இல்லை. ஐரோப்பாவில், வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஒரு நாட்டில் பிறந்தது. வயதானவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவது அதன் தொழில். அங்கே போய் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர், இங்கே என் பக்கத்து வீட்டுக் கிழவரைப் பார்த்துக்கொள்கிறீர்களே, ஊரில் தனியாக இருக்கும் என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள மாட்டீர்களா என்று கேட்டார்களாம். அப்படித்தான் நிறுவனம் சென்னைக்கு வந்தது. அங்கிருந்து திருச்சிக்கு வந்தது.

ஒரு நாட்டுக்குள் நுழைவது பெரிய காரியமில்லை; ஒரு வக்கீலும் ஒரு வாடகைக் கட்டடமும் இருந்தால் நுழைந்துவிடலாம். நுழைந்த பிறகு பரவ வேண்டும். அதுதான் கஷ்டம். சோப்பு விற்கிறவனுக்குக் கவலையில்லை. பெட்டியில் அடைத்து அனுப்பினால் எந்த ஊரிலும் ஒரே மாதிரி நுரைக்கும். முதுகு தேய்த்துவிடும் கையைப் பெட்டியில் அனுப்ப முடியுமா? அந்தந்த ஊரில்தான் கையைத் தேட வேண்டும். அந்தந்த ஊர் வீட்டுக்குள்தான் அந்தக் கை நுழைய வேண்டும்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் இங்க்ரிட் என்ற தலைமையக அதிகாரி. நரைத்த தலை, பருத்திப் புடவை கட்டிக்கொள்ள ஆசை, கட்டத் தெரியாது. எங்களுக்கு எங்கள் வேலை தெரியும், உங்கள் வீடுகள் தெரியாது என்று பயிற்சியின் முதல் நாளே நேர்மையாகச் சொன்னார். கணினியில் ஒவ்வொரு பணியாளருக்கும் ஒரு பக்கம் உண்டு. படிப்பு, மொழி, அனுபவம், ஊசி போடத் தெரியுமா, நினைவிழந்தவர்களோடு பழகத் தெரியுமா... எல்லாக் கட்டமும் அவர்கள் வகுத்தவை. ஒன்றையும் மாற்ற முடியாது. கடைசிக் கட்டம் மட்டும் பெயரில்லாமல் காலியாக இருந்தது.

"அது ஒன்று மட்டும் உங்களுடையது. உங்கள் ஊரைப் பற்றி நாங்கள் அறியாதது எதுவோ, அதை அதில் வையுங்கள்" என்றார்.

எவ்வளவு நல்ல எண்ணம் பாருங்கள்!

திருச்சிக் கிளையில் நான், ஒரு மேலாளர், பதினாறு பெண்கள். மேலாளர் பாதி நாள் சென்னையில் இருப்பார். வீடுகளைப் பிடிப்பதும் ஆட்களை அனுப்புவதும் என் பொறுப்பு. மூன்று மாதத்தில் ஸ்ரீரங்கத்தில் மட்டும் பத்து வீடுகள் சேர வேண்டும். சேராவிட்டால் கிளையை மூடிவிட்டு வேறு ஊரைப் பார்ப்பார்கள். ஏன் ஸ்ரீரங்கம் என்று கேட்கிறீர்களா? கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளிலும் உத்திர வீதிகளிலும் போய்ப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு, பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றவர்கள் இங்கே. ஒரு வீட்டில் நல்ல பெயர் எடுத்தால் போதும். கோயிலுக்குப் போகிற வழியிலேயே அந்தப் பெயர் பத்து வீட்டுக்குப் பரவிவிடும். கெட்ட பெயரும் அப்படியே.

முதல் வீடு மேலச் சித்திரை வீதியில் கிடைத்தது. மகன் வெளிநாட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்டுவிட்டான். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. என்னிடமிருந்த பதினாறு பேரில் மிகச் சிறந்தவளை அனுப்பினேன். செல்வியை.

காலை ஏழு மணிக்கே சத்திரம் பஸ் நிலையத்தில் வந்து நின்றாள். சீருடை மடிப்புக் கலையவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ் ஏறும்போது, அண்ணே, மொத வீடு, நல்லபடியா வாய்க்கணும்னு ஸ்ரீரங்கத்துத் தாயாரை வேண்டிக்குங்க என்று சிரித்தாள்.

இரண்டு மணி நேரம். அவ்வளவுதான். அந்த வீட்டுப் பெரியவர் என்னை வரச்சொல்லிப் போன் செய்தார். போனேன். செல்வி வாசலுக்கு வெளியே, எதிர்வீட்டு நிழலில் நின்றிருந்தாள். பெரியவர் குரலை உயர்த்தவே இல்லை. அவ்வளவு மரியாதையாக அதைச் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெண்ணிடம் ஊர் கேட்டாராம், தெரு கேட்டாராம், அப்பா பெயர் கேட்டாராம்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ தம்பி. எனக்கு ஒண்ணுமில்லே. ஆத்துலே ஒத்துக்கமாட்டா. அடுத்த தடவை அனுப்பறச்சே கொஞ்சம் பார்த்து அனுப்புங்கோ."

பிறகு என்னையும் கேட்டார். தம்பிக்கு லால்குடியா, அங்கே எங்கே?

பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றேன்.

அந்தப் பொய் எவ்வளவு வேகமாக வந்தது தெரியுமா? யோசிக்கவே இல்லை. எனக்குக் காபி வந்தது. டம்ளரில் நுரையோடு. நான் உள்ளே உட்கார்ந்து குடித்தேன். செல்வி வெளியே நின்றாள். ஒரே தெருவில் பிறந்த இருவரில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே... நடுவில் ஒரு பொய். அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்பி வரும்போது செல்வியிடம், அந்த வீட்டில் மனசு மாறிட்டாங்க, உன்மேல தப்பில்ல என்றேன். அவள் காவிரிப் பாலத்தில் வெளியே பார்த்தபடி வந்தாள். தெரியும்ணே என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலைதான் அந்தக் கட்டத்தைத் திறந்தேன்.

நம் ஊரில் வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் என்ன செய்வோம்? கேட்டாலும் கேட்காவிட்டாலும் கையில் இருக்கிற அத்தனை சான்றிதழையும் நகல் எடுத்து, கொத்தாகப் பின் அடித்துக் கொடுத்துவிடுவோம். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ரேஷன் அட்டை... கூடவே சாதிச் சான்றிதழ். எங்கள் நிறுவனம் அதைக் கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. ஆனாலும் பதினாறு கோப்பிலும் அது இருந்தது. கேட்காமலே கொடுத்திருந்தார்கள். அலுவலகம் என்றால் அதைக் கொடுத்தாக வேண்டும் என்று பழகியிருந்தார்கள். நானும் அப்படிப் பழகியவன்தான்!

பதினாறு கோப்பையும் மேசையில் பரப்பினேன். கட்டத்துக்கு ‘உள்ளூர்க் குறிப்பு’ என்று பெயர் வைத்தேன். ஒன்று என்றால் எந்த வீட்டுக்கும் அனுப்பலாம். இரண்டு என்றால் சில வீடுகளுக்கு அனுப்பலாம். மூன்று என்றால்... அந்த வீதிகளுக்கு அனுப்பக்கூடாது.

பத்துப் பெண்களுக்கு மூன்று விழுந்தது. அதில் ஒருத்தி செல்வி. எனக்கென்று ஒரு பக்கம் இருந்திருந்தால் எனக்கும் மூன்றுதான்.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். என்னிடம் அப்படிக் கேட்டது ஒரே ஒரு வீடு! இரண்டாவது வீட்டில் நான் கேட்கவே இல்லை. மூன்றாவது வீட்டிலும் கேட்கவில்லை. அவர்கள் வாய் திறக்குமுன் நானே ‘பார்த்து’ அனுப்பினேன். அவர்கள் மனத்தில் இருந்ததோ இல்லையோ, என் கட்டத்தில் இருந்தது.

வீடுகள் சேர்ந்தன. பத்து, பதினைந்து, முப்பது... ஓர் ஒப்பந்தமும் முறியவில்லை. சென்னையில்கூட வாரம் ஒரு வீடு வேண்டாமென்று விலகும். திருச்சியில் ஒன்றுகூட விலகவில்லை. இங்க்ரிட் நேரில் வந்தார். ராஜகோபுரத்தை நிமிர்ந்து பார்த்து நெடுநேரம் நின்றார். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தவர், அந்தக் கட்டத்தில் விரல் வைத்து, இந்த எண்கள் என்ன என்று கேட்டார்.

வீட்டோடு பொருந்துவது என்றேன் ஆங்கிலத்தில்.

எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்றார்.

அனுபவத்தை வைத்து என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொரு கேள்வி கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் இரண்டு வருஷமாக என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன். அவர் கேட்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் கும்பகோணத்தில் கிளை திறந்தபோது, கணினியில் அந்தக் கட்டம் முதலிலேயே பெயரோடு இருந்தது. பிறகு மயிலாடுதுறை, காஞ்சிபுரம், பாலக்காடு... எல்லா இடத்திலும் அது இருந்தது. இனி நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ஒரு நாள் புதுக் கிளைக்காரர்கள் இருபது பேருக்குத் திரை வழியாக நான் பாடம் எடுத்தேன். பொருந்தும் வீட்டுக்குப் பொருந்தும் ஆள் என்று தலைப்பு. கடைசியில் எல்லோரும் கைதட்டினார்கள். மூன்று என்றால் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொண்டார்கள்!

இப்போது அதுவும் வேண்டியதில்லை. புதிதாக ஒரு பெண் சேர்ந்தால் அவள் ஊர், தெரு, படித்த பள்ளி இவற்றைப் பார்த்துக் கணினியே ஓர் எண்ணைப் பரிந்துரைக்கிறது; அந்த எண்ணுக்கேற்ற வீட்டையும் அதுவே போடுகிறது. சரியாகத்தான் பரிந்துரைக்கிறது. நாங்கள்தானே பழக்கினோம்.

எனக்குப் பதவி உயர்ந்தது. அந்தச் செய்தி வந்த அன்று செல்வி ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கி வந்து, நம்ம தெருவுக்கே பெருமைண்ணே என்று மேசைமேல் வைத்தாள். அலுவலகத்தில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

செல்விக்கு வேலை இல்லாமல் போகவில்லை. அதைச் சொல்ல வேண்டும். தில்லைநகர், உறையூர், கே.கே. நகர், திருவானைக்காவல் என்று எங்கேயாவது புண்ணுக்குக் கட்டு மாற்ற, ஊசி போட, அரை மணி, ஒரு மணி என்று போய்க்கொண்டுதான் இருந்தாள். ஸ்ரீரங்கத்து வீடுகள் மட்டும் அவளுக்கு விழவில்லை. அதனால் அவளுக்கு என்ன போயிற்று என்று நானும்தான் நினைத்தேன்.

போனது என்னவென்று அப்புறம்தான் தெரிந்தது.

நிறுவனம் பிறந்த நாட்டிலேயே பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லையாம். இங்குள்ள கிளைகளிலிருந்து தேர்ந்தெடுத்து அங்கே அழைத்துப் போவதாக அறிவித்தார்கள். மொழித்தேர்வு ஒன்று. அதோடு, நினைவிழந்தவர்கள் வீட்டில் தொடர்ந்து ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும். செல்வி அன்றே ஒரு நோட்டு வாங்கினாள். காலையில் லால்குடி ரயிலில் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த மொழியை முணுமுணுத்தபடி வருவாள். பக்கத்தில் இருக்கிற பூக்காரம்மா, ஏண்டி, கோழி கொக்கரிக்கிற மாதிரி என்னடி பாஷை இது என்று கிண்டல் செய்வாளாம். எட்டு மாதத்தில் தேர்வில் தேறிவிட்டாள். கிளையில் முதலில் தேறியவள் அவள்தான்.

அவ்வளவு தூரம் போக ஏன் இத்தனை ஆசை என்று ஒரு நாள் கேட்டேன்.

"அங்க போனா எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்கல்லண்ணே" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நினைவிழந்தவர்களின் வீடுகள் எங்கள் கிளையில் ஏழு. ஏழும் ஸ்ரீரங்கத்தில்.

இப்போது உங்களுக்குப் புரிகிறதா? எனக்கு அன்றே புரிந்தது. அப்போதாவது நான் அந்த எண்ணை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. மாற்றினால் யார் மாற்றியது, ஏன் மாற்றியது என்ற கேள்வி தலைமையகத்துக்குப் போகும். செல்விக்கு மட்டும் மாற்றினால் மற்ற ஒன்பது பெண்களுக்கு அநியாயம் இல்லையா என்றும் எனக்குள் ஒரு வாதம் எழுந்தது. எவ்வளவு அழகான வாதம்! நியாயம் பேசியே அநியாயத்தைக் காப்பாற்றினேன்.

அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசி அன்று ஒரு காரியம் நடந்தது.

அடையவளஞ்சான் வீதியில் வேதவல்லி மாமி வீடு. மாமிக்கு எழுபத்தைந்து வயது. அவர் கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; இப்போது எதுவும் நினைவில் இல்லை. மாமி பெயரைக்கூட மறந்துவிட்டார். அங்கே வழக்கமாகப் போகிறவள் பத்மா. ‘ஒன்று’ எண் பெற்றவள், நல்ல பெண், கொள்ளிடத்துக்கு அப்பாலிருந்து வருகிறவள். அன்று அத்தனை கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் எங்கோ நிறுத்தப்பட்டு, அவளால் ஆற்றைத் தாண்டவே முடியவில்லை. வாத்தியாருக்கு எட்டு மணிக்குள் மாத்திரை கொடுத்தாக வேண்டும். சாப்பிடாமல் மாத்திரை கொடுக்கக் கூடாது. மாமி கையால் அவர் சாப்பிட மாட்டார். யாரோ அந்நியப் பெண்மணி என்று விரட்டுவார்.

நடந்து போகும் தூரத்தில் இருந்தவள் ஒரே ஒருத்தி. திருவானைக்காவலில் கட்டு மாற்றி முடித்திருந்த செல்வி.

மூன்று என்றிருந்தவளை அந்த வீதிக்கு அனுப்பக் கணினி அனுமதிக்கவில்லை. போனில் கூப்பிட்டு வாயால் அனுப்பினேன். அவள் கூட்டத்துக்குள் புகுந்து நடந்தே போனாள். பகல் முழுக்க, ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும், ‘கொஞ்சம் பார்த்து அனுப்புங்கோ’ என்ற அந்த மரியாதையான குரல்தான் வரப்போகிறது என்று நினைத்தே எடுத்தேன்.

மூன்று மணிக்கு மாமியின் போன் வந்தது.

"ஏம்ப்பா குமரேசா, இந்தப் பொண்ணை இத்தனை நாளா எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே?"

மாமி பேசினார். வாத்தியார் காலையில் வழக்கம்போல், பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்று வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்குக் கிளம்பிவிட்டாராம். இந்தப் பெண் தடுக்கவில்லையாம். கையைக் கட்டிக்கொண்டு எதிரே போய் நின்று, சார், இன்னும் அட்டெண்டன்ஸ் எடுக்கலையே என்றாளாம். அவர் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டிருக்கிறார். எல்லாப் பெயருக்கும் இவளே ‘உள்ளேன் ஐயா’ சொல்லியிருக்கிறாள். ஒரு பெயருக்கு ஒரு கவளம். தயிர்சாதம் கிண்ணம் காலியாகிவிட்டதாம். எந்தக் காலத்துப் பையன்களின் பெயரோ, ஒன்றுகூட மறக்கவில்லையாம் மனிதர்.

"எம்பேரு மறந்துடுத்து. நாற்பது பசங்க பேரு ஞாபகம் இருக்கு, பாரு" என்று சொல்லிவிட்டு, மாமி சிரித்தாரா, அழுதாரா, எனக்குத் தெரியவில்லை.

மாமி சாதாரணப்பட்டவர் இல்லை. ஆசாரம் பார்க்கிறவர்தான். தளிகை பண்ணும் சமையலறைக்குள் பத்மாவை விட்டதில்லை, செல்வியையும் விடவில்லை. அமெரிக்காவிலிருந்து வரும் மருமகளையே விடுவதில்லை என்று சொல்வார்கள். ஆனால் தினமும் இந்தப் பெண்ணே வரட்டும் என்று கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அன்று செல்விக்கு அந்த வீட்டுக் கதவு திறந்தேயிருந்தது. நான்... அவங்களுக்கு வேற ஏரியா மாமி, மாத்த முடியாது என்றேன்.

போனில் தெருக் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

"யாருக்குப் பயந்துண்டு அனுப்பாம இருந்தே? எனக்கா?"

என்ன சொல்வது? உங்களுக்கு இல்லை மாமி, உங்கள் பேரில் நானே உண்டாக்கிய ஒருவருக்கு என்றா? மேலச் சித்திரை வீதியில் ஒருவர் சொன்னதை எடுத்து, முப்பது வீட்டு வாயிலும் வைத்தேன் என்றா?

மாமி போனை வைத்துவிட்டார். மறுநாள் பத்மாவே போனாள். அந்த அஞ்சாங்கிளாஸ் பொண்ணு இன்னிக்கு லீவா என்று வாத்தியார் அவளிடம் கேட்டாராம். பல நாள் கேட்டாராம். பிறகு அதையும் மறந்துவிட்டார்.

வெளிநாடு போகத் தேர்வானவர்களின் பட்டியல் சித்திரையில் வந்தது. திருச்சியிலிருந்து நான்கு பேர். பத்மா பெயர் இருந்தது. செல்வி பெயர் இல்லை. அவளுக்கு வந்த பதிலில், மொழியில் முதல் இடம், அனுபவம் போதாது என்று இருந்தது. பத்மா சந்தோஷப்படவில்லை. எனக்கு அந்தப் பாஷையையே செல்விதான் சொல்லிக் குடுத்தா சார் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

செல்வி மாலையில் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் அந்த நோட்டு இருந்தது. கோபமில்லை அவளிடம். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்!

"எனக்கு அந்த வீடுங்க ஏண்ணே வரவே இல்ல? நான் எதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாருமில்லை. கதவு சாத்தியிருந்தது. திரையை அவள் பக்கம் திருப்பி, இதோ பார், இது நான் எழுதியது என்று காட்ட ஒரு நிமிஷம் போதும்.

"சிஸ்டம்தான் போடுது செல்வி. என் கையில ஒண்ணும் இல்ல."

அவள் தலையாட்டினாள். நோட்டைப் பைக்குள் வைத்தாள். கதவருகில் நின்று திரும்பினாள்.

"சரிங்கண்ணே. அடுத்த தடவையாச்சும் நீங்க கொஞ்சம் பாத்துப் போடுங்க. போயிட்டு வரேன்."

பார்த்து... அதே சொல்தான். அவள் என்னை நம்பிச் சொன்னாள்.

அவள் போனபின் ஒரு காரியம் செய்ய முயன்றேன். அந்தக் கட்டத்தையே அழித்துவிடப் போனேன். இப்போது எனக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. நீக்கு என்று அழுத்தினேன். ஒரு பெட்டி திறந்தது. இந்தக் குறிப்பைப் பதினொரு கிளைகள் பயன்படுத்துகின்றன. நீக்குவதற்கான காரணத்தைத் தெரிவிக்கவும் என்றது. காரணம் எழுதாமல் மேலே போகாது.

எழுத உட்கார்ந்தேன். ‘இது தவறாக...’ என்று தொடங்கி அழித்தேன். ‘இந்த எண்களின் உண்மையான அடிப்படை...’ என்று தொடங்கி அதையும் அழித்தேன். காரணத்தை எழுதினால் இங்க்ரிட் படிப்பார். விசாரணை வரும். விதியை மீறியவன் வெளியே போவான். அப்பா மூட்டைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு முந்தைய மாதம்தான் இடுப்பு வலிக்காக வேலையை நிறுத்தச் சொல்லியிருந்தேன். இதெல்லாம் உண்மைதான். ஆனால் என் விரலை நிறுத்தியது இவை எதுவும் இல்லை.

செல்விக்குத் தெரிந்துவிடும். அதுதான் நிறுத்தியது.

அன்று அவளைத் தெருவில் நிறுத்தியவர் ஒரு முன்பின் தெரியாத மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படி நினைத்துத்தான் தாங்கிக்கொண்டாள். இரண்டு வருஷமாகத் தினமும் நிறுத்திக்கொண்டிருப்பவன் அவள் தெருக்காரன், அவள் அண்ணன் என்று தெரிந்தால்? அவளுக்கு வலிக்குமே என்று சொல்லிக்கொள்கிறேன். பொய். அவள் பார்வையில் நான் யாராக ஆவேன் என்ற பயம்தான். உங்களிடமாவது இதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியை மூடினேன்.

அதன்பின் எத்தனையோ முறை திறந்து மூடியிருக்கிறேன். மதியம் சாப்பிட்டு வந்து ஒரு தடவை. மீட்டிங்குக்கு முன்னால் ஒரு தடவை. வாய்ப்புண்ணை நாக்கால் நிரடுகிற மாதிரி. இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, இது முழுக்க அந்தப் பெட்டியில் எழுத வேண்டியது. அங்கே எழுதியிருந்தால் நான்கு வரியில் முடிந்திருக்கும். இங்கே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், அங்கே எழுதாமல் இருப்பதற்காகவே...

அடுத்த மாதம் இன்னொரு நாட்டில் கிளை திறக்கிறார்கள். நம் ஆட்கள் பலர் குடியேறிய நாடு. முன்கூட்டியே போய் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுக்க என்னை அனுப்புவதாகப் பேச்சு. கடல் தாண்டிப் போகப்போகிற முதல் ஆள் என்று அப்பா இப்போதே பழைய ஆலைக்குப் போய்ச் சொல்லிவிட்டார். என்னோடு அந்தக் கட்டமும் வரும். செல்வி போக ஆசைப்பட்டது, எந்தத் தெரு என்று யாரும் கேட்காத இடத்துக்கு. இனி அப்படி எந்த இடம்தான் மிஞ்சும்!

சற்று முன் செல்வியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நாளைக்கு எந்த வீடுண்ணே என்று கேட்டிருந்தாள்.

கணினி ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. தில்லைநகர், கட்டு மாற்றுவது, அரை மணி நேரம். அப்படியே அனுப்பினேன். சரிங்கண்ணே என்று உடனே பதில் வந்தது.

அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படிப்பு, மொழி, அனுபவம்... கடைசிக் கட்டம்வரை இறங்கினேன். மூன்று அங்கேயே இருந்தது.

கையை விசைப்பலகைமேல் வைத்தேன். எடுத்துவிட்டேன்.